படியில் உட்கார்ந்த அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை. பாதிப்பேர் பகிர்ந்துவிட்டீர்கள். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் பால்குடத்தோடு மூச்சு வாங்க உட்கார்ந்த ஓர் அம்மாவைப் படமெடுத்து, “சாமி காப்பாத்துமா, இன்சுலின் காப்பாத்துமா?” என்று கேட்டுச் சிரிக்கிறார் அந்தத் தம்பி. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அதில் இரண்டு என் சொந்தக்காரர்கள் போட்டது.

தம்பி, இரண்டும்தான் காப்பாற்றும். இன்சுலினை விடுகிறேன் என்று அந்த அம்மா சொன்னாரா? காலையில் ஊசி போட்டுக்கொண்டு 513 படி ஏறுகிறவர்கள் எங்கள் ஃபிளாட்டிலேயே இருக்கிறார்கள். மருந்தை விடு என்று யாரும் சொல்லவில்லை. மருந்தை எடுத்து வாயில் போட ஒரு மனசு வேண்டும். அந்த மனசு எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2019இல் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார். மூன்று மாதம் நான் கட்டிலை விட்டு எழவில்லை. ரத்த அழுத்த மாத்திரை மேசையில் அப்படியே கிடந்தது. கிளினிக் தேதியும் தவறிப்போனது. இரண்டு மாடி கீழே இருக்கும் பெரியம்மா ஒரு வெள்ளிக்கிழமை வந்து கதவைத் தட்டினார். “குளிச்சிட்டு வா, கோயிலுக்குப் பூ கட்ட ஆள் பத்தல.” ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கு அடுத்ததும். நான் முருகன் மேல் கோபமாக இருந்தேன். பல வாரம் சந்நிதிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து பூ கட்டினேன். யாரும் திரும்பி உட்காரு என்று சொல்லவில்லை. ஒருநாள் பூவை நீட்டிக்கொண்டே பெரியம்மா கேட்டார், “மாத்திரை போட்டியா?” அன்றிலிருந்து போடுகிறேன்.

2020 மார்ச் 18, கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயிலை மூடினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியம்மா போனில் பாடுவார், நான் கூடப் பாடுவேன். அந்த அரைமணி நேரம் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

“அக்கா, அது சாமி இல்ல, அந்தப் பெரியம்மாவோட அன்பு” என்று இன்பாக்ஸில் ஒருவர். சரி. மூட்டுவலியோடு அவரை இரண்டு மாடி ஏறிவர வைத்தது எது? அவரையே போய்க் கேளுங்கள். முருகன் என்றுதான் சொல்வார்.

ஆதாரம் கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 74,534 தாதியரை 16 ஆண்டு கவனித்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்கள் இறக்கும் வாய்ப்பு, போகாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவு. திடமாக இருப்பவர்தானே போக முடியும் என்பீர்கள். முன்பிருந்த உடல்நிலையையும் அதில் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் ஜெபமாலையையும் மந்திரத்தையும் ஓதச் சொல்லி அளந்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது, இதயத்துக்கு நல்லது. மொரிஷியசில் நம் தமிழர்கள் எடுக்கும் காவடியையே ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். அதிகம் அலகு குத்தியவர்களுக்குத்தான் மனநிலை அதிகம் தேறியதாம். உடம்புக்குக் கெடுதலும் தென்படவில்லையாம்.

2006 ஆய்வை எடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். 1,802 இருதய அறுவை நோயாளிகளை வைத்துச் செய்தது, வேண்டுதலால் குணமாகவில்லை என்று வந்தது. உண்மை. அங்கே முன்பின் தெரியாதவர்கள் எங்கேயோ இருந்து வேண்டினார்கள். என் கதவை யாரோ வந்து தட்டியது அந்தக் கணக்கில் வராது. சாமி கைவிட்டுவிட்டார் என்று நொந்துபோகிற நோயாளிகளுக்கு உடம்பு இன்னும் கெடுகிறது என்றும் ஓர் ஆய்வு உண்டு. அதை நான் மறுக்கவே மாட்டேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தவள் நான்.

தாயத்துக் கட்டி டயாலிசிஸை நிறுத்தச் சொல்கிறவன் திருடன். அவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், நானும் சாட்சி சொல்ல வருகிறேன். அவன் செய்கிற பாவத்துக்கு ஏன் அந்த அம்மாவின் முகத்தை ஊரெல்லாம் காட்டுகிறீர்கள்? என்ன வேண்டுதலோ, யாருக்காகவோ. மூச்சு வாங்குகிற ஒரு மனுஷிக்குத் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை, போனைத் தூக்கத் தோன்றியிருக்கிறது. பெற்ற தாய் அங்கே உட்கார்ந்திருந்தால் சிரிப்பு வருமா?

என் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள், தெரியும். கருமக்கிரியைக்கு வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், போனீர்கள். அந்த மூன்று மாதமும் எங்கே இருந்தீர்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. அந்த எமோஜியை எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.