'வாக்கிங் போங்க' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

கணையத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறவர் கையில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து அனுப்புகிறார்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நாளைக்கு என்று எல்லாம் அச்சடித்திருக்கும். கடைசியில் ஒரு வரி: 'வாக்கிங் போகலாம்.' எவ்வளவு நேரம்? என்ன வேகம்? மூச்சு வாங்கினால் நிறுத்தணுமா? இந்த வாரம் ஐந்து நிமிடம் என்றால் அடுத்த வாரம் எவ்வளவு? அதெல்லாம் கிடையாது. அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா சேலம் அம்மாப்பேட்டையில் பட்டுத்தறி நெய்தவர். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. விப்பிள் ஆபரேஷன் செய்தார்கள். 1935-ல் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜன் இந்த முறையை வெளியிட்டதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் அடிப்பகுதி, சிலருக்கு இரைப்பையிலும் ஒரு பங்கு, இத்தனையையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைப்பார்கள். வயிற்றுக்குள்ளே இவ்வளவு நடந்த மனிதரைப் பார்த்து யாருக்கு 'எழுந்து நடங்க' என்று சொல்ல மனம் வரும்?

பெரியம்மாவுக்கு வரவில்லை. தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை டப்பா, துண்டு, டிவி ரிமோட், செல்போன் சார்ஜர் எல்லாம் கட்டிலில் படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டன. அவர் எழுந்திருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. நான் வாயைத் திறந்தால், "கீறி தச்ச வயிறு கண்ணு, நடக்க விட்டுத் தையலப் பிரிக்கப் பாக்கறியா?" என்பார். பார்க்க வருகிற சொந்தமெல்லாம் அதே பாட்டு: "நல்லா ரெஸ்ட் எடுங்க மாமா, உடம்பு தேறட்டும்." ரெஸ்ட் எடுத்தார். தேறவில்லை. பாத்ரூம் வரைக்கும் போய்வந்தாலே களைத்துப்போய்ப் படுத்துக்கொள்வார்.

நம் வீடுகளில் பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். இந்தக் களைப்பு தூங்கினால் போகிற களைப்பு இல்லை. படுத்தே கிடந்தால் முதலில் கரைவது தொடைச் சதை. சதை கரைந்தால் நேற்று சுலபமாகச் செய்த வேலை இன்று மலையாகிவிடும். மலையாகிவிட்டது என்று இன்னும் படுப்பார்கள், சதை இன்னும் கரையும்.

2012-ல் பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று வெளியானது. கணையத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த 102 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவுக்கு வீட்டிலிருந்தபடியே படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும் நடைத் திட்டம். நடந்தவர்களுக்குக் களைப்பு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. மெஷின் இல்லை, ஜிம் இல்லை, வெறும் நடை. சின்ன ஆய்வுதான். நடந்தால் ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. 2025-ல் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரை வைத்து வந்த பெரிய ஆய்வில், முறையான உடற்பயிற்சி நோய் திரும்புவதையே குறைத்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது உண்மைதான். ஆனால் அது குடல், கணையம் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பி ஆசை காட்டாதீர்கள்.

'வாழ்க்கைத் தரம்' என்றால் ஏதோ பெரிய தத்துவம் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் புற்றுநோயாளிகளிடம் கேட்கிற 30 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தயாரித்தது. அதன் முதல் ஐந்து கேள்விகளைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நீண்ட தூரம் நடக்கச் சிரமமா, வீட்டுக்கு வெளியே கொஞ்ச தூரம் நடக்கவாவது சிரமமா, பகலில் கட்டிலிலோ நாற்காலியிலோ கிடக்க வேண்டியிருக்கிறதா, சாப்பிட உடுத்தக் குளிக்க யாராவது உதவணுமா என்றெல்லாம் கேட்கிறது. பெரியம்மா கட்டிலைச் சுற்றிக் கட்டிய கோட்டை அத்தனைக்கும் 'ஆமாம்' என்று பதில் சொல்ல வைத்துக்கொண்டிருந்தது.

மாற்றியது என் பேச்சு இல்லை. எங்கள் தெருவில் பிசியோதெரபி படித்த பெண் ஒருத்தி வந்து, பெரியப்பாவை வாசல்வரை நடத்திப் பார்த்துவிட்டு, தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். காலையில் இத்தனை நிமிடம், சாயங்காலம் இத்தனை நிமிடம், வாரம் போகப் போக எவ்வளவு கூட்டுவது. வேகத்துக்கு ஒரே அளவுகோல்: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது, பேச முடியாவிட்டால் அதிகம். போய்ச் சேரவேண்டிய இடமாக, வாரத்தில் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம், 12 வாரம் என்று எழுதியிருந்தாள். புற்றுநோயாளிகளின் களைப்புக்கு 2019-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு வெளியிட்ட பரிந்துரையும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

தாள் பீரோ கதவில் ஒட்டப்பட்டதும் வீட்டு அரசியலே தலைகீழானது. "ஏங்க, சீட்டுல ஆறு நிமிசம்னு போட்டிருக்குது, நாலுதான் ஆச்சு, எந்திரிங்க" என்று விரட்டியது வேறு யாருமில்லை, பெரியம்மாவேதான். எழுத்தில் இருந்தால் அது மருந்து. வாய்வார்த்தையாகச் சொன்னால் அது கொழுந்தனார் பையனின் அதிகப்பிரசங்கித்தனம்!

நடையோடு சேர்த்து எழுத வேண்டியவை இன்னும் உண்டு. கணையம் குறைந்துவிட்டால் கொழுப்பைச் செரிக்கும் நொதி (என்சைம்) போதாது. மலம் எண்ணெய்ப் பசையோடு தண்ணீரில் மிதக்கும், திடீரென்று அவசரமாக வரும். பெரியப்பா வெளியே வர மறுத்ததற்குச் சோம்பலோ வலியோ காரணமில்லை. நடு ரோட்டில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மானஸ்தர், அதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணிடம்தான் சொன்னார். என்சைம் கேப்சூலைச் சாப்பாடு முடிந்து விழுங்கிக்கொண்டிருந்தார். அது முதல் கவளத்தோடு போகணும். ரெவ்யூவில் டாக்டர் அதைச் சரிசெய்து அளவையும் கூட்டிய பிறகுதான் தெருமுனை தாண்டினார். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை நோயும் வரும். இன்சுலின் போடுகிறவர் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கடலை மிட்டாய் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

"தறி மிதிக்கிறேனே, அது போதாதா?" என்று கேட்டார். போதாது. காலுக்கு வேலைதான், ஆனால் குழித்தறியில் உட்கார்ந்தால் வயிறு மரத்தில் முட்டும், குனிந்தே இருக்கணும். பாவு மரத்தைத் தூக்குவது அதைவிட மோசம். வெயிட் தூக்கினால் ஆபரேஷன் செய்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். தறியில் எப்போது உட்காருவது என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

சரி, சேலத்தில் எங்கே நடப்பது? பிளாட்பாரம் இருக்கிற இடத்தில் பைக் நிற்கிறது, இல்லாத இடத்தில் நாய் படுத்திருக்கிறது. சித்திரை வெயிலில் எட்டு மணிக்கே தார் ரோடு சுடுகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் 8 கிலோமீட்டர் நடக்க முடிகிறவருக்கு ஏற்கெனவே பாதி ஆரோக்கியம் இருக்கிறது. பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு வேண்டியது 200 மீட்டர் சமதளம், நிழல், உட்கார ஒரு பெஞ்ச், பூட்டாத ஒரு கழிப்பறை. சாயங்காலம் நான்கரைக்கு மேல் மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைத் திறந்துவிட்டாலே வார்டுக்கு வார்டு இது கிடைத்துவிடும்.

"ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு நாள் வெச்சிருங்க, குளுகுளுன்னு நடப்பாரு" என்று ஒரு சித்தப்பா யோசனை சொன்னார். 20 கொண்டை ஊசி வளைவு! இரைப்பையே சரியாகக் காலியாகாமல் குமட்டலோடு இருக்கிறவரை அதில் ஏற்றினால் மேலே போய்ச் சேரும்போது மனுஷன் மனுஷனாக இருக்கமாட்டார். மேலே போனாலும் ஏரிக்கரையை விட்டால் மீதியெல்லாம் ஏற்ற இறக்கம். பல மாதம் கழித்து, தெம்பு வந்த பிறகு போகட்டும்.

காய்ச்சல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, தையலில் நீர் வடிவது, மஞ்சள் காமாலை திரும்புவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கு நடை இல்லை, ஆஸ்பத்திரிதான். கணையப் புற்றுநோயில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதால் கால் வீக்கத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். கீமோ ஓடும் வாரங்களில் ரத்த அணுக்கள் இறங்கியிருந்தால் எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணையத்தில் கல் விழுந்து ஆபரேஷன் ஆன இளவயதுக்காரர்கள் நம் பக்கம் உண்டு. அவர்களுக்கு அளவு வேறாக இருக்கலாம்.

அடுத்த ரெவ்யூவுக்குப் போகிறவர்கள், கன்சல்டிங் அறையை விட்டு எழுந்திருக்கும் முன் ஒரு காகிதத்தை நீட்டி, "நிமிசக் கணக்கா எழுதிக் குடுங்க சார்" என்று கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் பிசியோவிடம் அனுப்பச் சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஏரியாவில் பெஞ்சும் திறந்திருக்கும் கழிப்பறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சமதளமான இடம் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.