சூசன் லூச்சியை எம்மி கணக்கை வைத்து அளக்காதீர்கள்

அமெரிக்க சீரியல் நடிகை சூசன் லூச்சி என்றதும் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள். பகலில் ஓடும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான பகல்நேர எம்மி விருதுக்கு 18 முறை பரிந்துரைக்கப்பட்டு 18 முறையும் வெறுங்கையோடு திரும்பி, 1999இல் 19ஆவது முறை ஜெயித்தவர். கணக்கு சரிதான். ஆனால் அது அவர் நடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த விருதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அவர் உண்மையில் செய்த வேலையைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

ஏபிசி சேனலில் 'ஆல் மை சில்ட்ரன்' சீரியல் 1970 ஜனவரி 5 அன்று தொடங்கியது. எழுதி உருவாக்கியவர் ஆக்னஸ் நிக்சன். பென்சில்வேனியாவில் பைன் வேலி என்ற கற்பனை ஊர். எரிக்கா கேன் என்ற திமிர் பிடித்த பள்ளிக்கூடப் பெண்ணாக அதே மாதம் லூச்சி உள்ளே வந்தார். 2011 செப்டம்பர் 23 அன்று ஏபிசியில் கடைசி எபிசோடு ஓடும்வரை எரிக்கா அவர்தான். 41 வருடம், ஒரே பாத்திரம், ஒரே ஆள். முதலில் தினம் அரை மணி நேரம், 1977இலிருந்து ஒரு மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை, சீசன் இடைவெளியே கிடையாது.

அந்த ஒரு மணி நேரம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால்தான் இதன் எடை புரியும். தலைமை எழுத்தாளர் பல மாதக் கதைப்போக்கை வகுப்பார். அதை நாள்வாரியாகக் காட்சி காட்சியாகப் பிரிப்பதற்கு ஒரு குழு, வசனம் எழுத இன்னொரு குழு. நடிகர் கைக்கு வரும் ஸ்கிரிப்டில், கதையின் மையத்தில் இருப்பவருக்கு ஒரு நாளுக்கு 30 பக்கம் வரைகூட வசனம் இருக்கும். காலையில் செட் இல்லாமல் வெறும் ஒத்திகை, பிறகு மேக்கப், பிறகு கேமராக்களோடு எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்ற ஒத்திகை, உடையோடு ஒரு முறை, அதன்பின் பதிவு. மூன்று நான்கு கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். கன்ட்ரோல் அறையிலிருந்து இயக்குநர் ஷாட்டை மாற்றிக்கொண்டே இருப்பார். செலவைக் குறைக்கக் குறைக்கப் பிற்காலத்தில் ஒத்திகைகளும் சுருங்கிவிட்டன. முதல் டேக்கில் பெரிய பிழை இல்லையென்றால் அதுவே ஒளிபரப்பாகும். குறியிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் எதிரே நிற்பவரின் தோள் முகத்தை மறைத்துவிடும். அவ்வளவு நல்ல அழுகையும் வீண்.

இந்த வேலையில் ஆகக் கடினமானது காட்சியின் கடைசி சில விநாடிகள். 90களில் ஸ்டார் டிவியில் 'சாண்டா பார்பரா' என்ற அமெரிக்க சீரியல் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: வசனம் முடிந்துவிடும், முகம் மட்டும் திரையில் நிற்கும், இசை ஏறும், விளம்பரம் வரும். இதை அங்கே 'டேக்' (tag) என்பார்கள். கையில் வசனமும் இல்லை, அசையவும் கூடாது. உணர்ச்சியை அப்படியே பிடித்து வைத்தால் பொம்மைபோல உறைந்துவிடும். கண்ணை ஒருமுறை வேண்டாத பக்கம் ஓட்டினால் 'கட் சொல்லுங்கள்' என்று காத்திருப்பதுபோலத் தெரியும். முகத்துக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு முடிவு மட்டும் தெரியக்கூடாது. லூச்சி இதில் ராணி. கோபத்தில் ஆரம்பித்துக் கணக்குப் போடுவதில் முடிப்பார். அடுத்து எரிக்கா என்ன செய்வாள் என்பது எழுத்தாளருக்கு முன்னால் அந்த முகத்துக்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றும்.

ஒப்பந்தங்களையும் பார்க்க வேண்டும். இந்தத் தொடர்களில் நடிகர் மூன்று நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார், அவராக விலக முடியாது. தயாரிப்புத் தரப்போ 13 அல்லது 26 வாரத்துக்கு ஒருமுறை அவரை நீக்கலாம். நடிகர் போனாலும் பாத்திரம் இருக்கும், மறுநாள் வேறு முகம் வந்து அதே பெயரில் பேசும். எரிக்காவுக்கு அது நடக்கவே இல்லை. நடக்காமல் இருந்ததே ஒரு சாதனை.

1973இல் எரிக்கா மாடலிங் வாழ்க்கை கெட்டுவிடுமென்று கருக்கலைப்பு செய்துகொண்டாள். நாடு முழுவதும் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ வழக்குத் தீர்ப்பு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களில் ஒரு பாத்திரம் சட்டபூர்வமாகக் கருக்கலைப்பு செய்துகொண்டது அதுதான் முதல்முறை. அந்தக் காலத்து நாடாக்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன என்பது பெரிய இழப்பு. அதைவிடப் பெரிய கொடுமை 2006இல் நடந்தது. அந்தக் கரு கலையவே இல்லை, மருத்துவர் அதை எடுத்துத் தன் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டார், அப்படிப் பிறந்து வளர்ந்தவன்தான் ஜோஷ் என்ற பாத்திரம் என்று கதையை மாற்றினார்கள். 33 வருடம் ஒரு நடிகை சுமந்துவந்த முடிவை ஒரு வளர்ந்த பையனை உள்ளே கொண்டுவருவதற்காக ரத்து செய்தது மன்னிக்க முடியாத வேலை. அதையும் லூச்சி நம்பும்படி நடித்தார்.

இனி எம்மிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பகல்நேர எம்மிக்கு நடிகர் அந்த வருடத்தில் தான் நடித்த ஓரிரண்டு எபிசோடுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. நடுவர்கள் பார்த்தது அதை மட்டும்தான். அந்தத் தொடரையே பார்க்காதவர் நடுவராக இருக்கலாம். எரிக்கா போன்ற பாத்திரம் இதில் அடிபடும். அவளுடைய கர்வம், பொய், அடுத்தடுத்த திருமணங்கள் எல்லாம் வருடக்கணக்கில் பார்த்தவருக்குத்தான் வலிக்கும். தனியாக ஒரு மணி நேரம் பார்த்தால் மிகை நடிப்பு என்று தோன்றலாம். 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரின் எரிகா ஸ்லெசாக் ஆறு முறை ஜெயித்தார். அருமையான நடிகை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய விக்கி பாத்திரத்துக்குப் பல ஆளுமைக் கோளாறு உண்டு. ஒரே எபிசோடில் பல மனுஷியாக மாற முடிகிற பாத்திரம் இந்தத் தேர்வு முறைக்கு அளவெடுத்துத் தைத்தது.

1983இல் லூச்சியின் தொடரிலேயே நடித்த டோரதி லைமன் முதன்மை நடிகை விருதை வாங்கினார். 1995இல் எரிக்காவின் மகள் கெண்டலாக நடித்த சாரா மிஷல் கெல்லர் இளம் நடிகை விருதை வாங்கினார், லூச்சி அன்றும் தோற்றார். அந்தத் தோல்வி ஊரறிந்த விஷயமானபோது அவர் ஒளியவில்லை. செயற்கை இனிப்பு விளம்பரத்தில் விருது கிடைக்காத ஆத்திரத்தைக் காட்டி நடித்தார், 1990இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார்.

1999இல் ஜெயித்ததற்கு முந்தைய வருடக் கதை காரணம் என்பது என் கருத்து. எரிக்காவின் மகள் பியாங்காவுக்கு அனோரெக்ஸியா, அதாவது சாப்பிட மறுத்து உடம்பை வற்ற வைக்கும் நோய். அழகுசாதன நிறுவனம் நடத்தி, அழகையே தன் முதலீடாக வைத்திருந்தவளின் மகள் பட்டினி கிடக்கிறாள். எரிக்காவின் கர்வமும் குற்ற உணர்வும் ஒரே காட்சியில் மோதின. முன்கதை தெரியாத நடுவருக்கும் அது எட்டியிருக்கும். மேடையில் நடிகர் ஷெமார் மூர் லூச்சியின் பெயரை அறிவித்ததும் அரங்கமே எழுந்து நின்று பல நிமிடம் கைதட்டியது.

2013இல் 'டீவியஸ் மெய்ட்ஸ்' தொடரில் பணக்காரச் சீமாட்டி ஜெனிவீவாக நடித்தார். முதல் சீசனுக்கு 13 எபிசோடு, வாரம் ஒன்று. அதில் அவர் லேசாக, நிதானமாக நடித்திருப்பார். 2023இல் பகல்நேர எம்மியின் வாழ்நாள் சாதனையாளர் விருதும் வந்தது.

லூச்சியைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள் விருது மேடை வீடியோவில் தொடங்க வேண்டாம். 1993இல் கெண்டல் வந்தபின் வரும் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எரிக்கா 14 வயதில் வன்புணர்வுக்கு ஆளாகிப் பெற்று, தத்துக் கொடுத்த குழந்தை வளர்ந்து எதிரே நிற்கிறது. ஒரே கிளிப்பைப் பார்த்து முடிவு கட்டாமல், பத்து எபிசோடாவது வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியும் முடியும்போது இசையை விட்டுவிட்டு அவர் கண்களை மட்டும் கவனியுங்கள்.