டியூப் ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? முதலில் தூக்கிப் பாருங்கள்

டியூப் ஆம்ப்ளிஃபயர் (பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வை வைத்து ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்கலாமா என்று கேட்பவர்கள் கூடவே ஒரு ஆன்லைன் கடை லிங்க்கையும் அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிப் பொருள்தான். கையடக்கமான கறுப்புப் பெட்டி, மேலே இரண்டு சின்னக் கண்ணாடி டியூப், ஆரஞ்சு வெளிச்சம், பக்கத்தில் "100 வாட்" என்று கொட்டை எழுத்து. விலையும் கட்டுப்படியாகும். "இது நல்லா இருக்குமா?" என்று கேள்வி.

நல்லாத்தான் இருக்கும். ஆனால் அது டியூப் ஆம்ப் இல்லை. ஸ்பீக்கரை ஓட்டும் வேலையை உள்ளே கிளாஸ்-டி என்ற வகையைச் சேர்ந்த ஒரு டிரான்சிஸ்டர் சிப் செய்கிறது. டியூப் அதற்கு முன்னால், சிக்னல் வரும் வழியில், திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் மாதிரி இருக்கிறது. 6ஜே1 போன்ற ஒரு டியூப் ஒழுங்காக வேலை செய்ய அதன் பிளேட்டுக்கு (உள்ளே எலெக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) 100 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அடாப்டரில் ஓடும் இந்தப் பெட்டிகள் பலவற்றில் அதில் கால்வாசி கிடைத்தால் அதிகம். அந்த ஆரஞ்சு வெளிச்சம்கூடப் பல மாடல்களில் அடியில் வைத்த எல்.இ.டி.தான். டியூபுக்குள் சூடேறும் இழையான நிஜ ஹீட்டர் மங்கலாக எரியும். பகலில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். சிப் ஆம்ப் மட்டமான சாமான் என்று சொல்ல வரவில்லை. சிப் ஆம்ப் வேண்டுமென்றால் டியூப் அலங்காரம் இல்லாததையே இன்னும் மலிவாக வாங்கலாமே.

உண்மையான டியூப் ஆம்பைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு எளிய வழி இருக்கிறது. தூக்கிப் பாருங்கள். இரண்டு சேனலுக்கும் டியூபே பவர் கொடுக்கும் ஆம்ப் என்றால் சிறியதே ஏழெட்டு கிலோ இருக்கும். 15 கிலோவைத் தாண்டுவதும் சாதாரணம். அந்த எடை கண்ணாடியில் இல்லை, இரும்பில் இருக்கிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு.

குறைந்த பட்ஜெட்டில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது இந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத்தான். டியூப் என்பது அதிக வோல்ட்டேஜில் மிகக் குறைந்த கரண்ட் கொடுக்கும் சாதனம். ஸ்பீக்கர் கேட்பது நேர்மாறு. புஷ்-புல் முறையில், அதாவது ஒன்று தள்ள இன்னொன்று இழுக்க, வேலை செய்யும் ஒரு ஜோடி இ.எல்.84 டியூபுக்குச் சுமார் 8,000 ஓம் லோடு வேண்டும். நம் ஸ்பீக்கரோ 8 ஓம். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை நடுவில் இருந்து சமாளிப்பது இந்த டிரான்ஸ்ஃபார்மர். பேஸ் அடிவரை இறங்க கோர், அதாவது நடுவில் உள்ள இரும்பு, பெரிதாக இருக்க வேண்டும். ட்ரெபிள் மேலே வரை போக பிரைமரியையும் (டியூப் பக்கச் சுற்று) செகண்டரியையும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு. கம்பெனிக்காரர் விலையைக் குறைக்க நினைத்தால் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான், ஏனென்றால் மூடிக்குள் இருப்பது போட்டோவில் தெரியாது.

அடுத்து, சிங்கிள் எண்டட் மோகம், அதாவது ஜோடி இல்லாமல் ஒற்றை டியூபே ஸ்பீக்கரை ஓட்டும் முறை. இணையத்தில் நாலு கட்டுரை படித்தவுடன் 300பி என்ற டியூபின் மேல் பைத்தியம் பிடித்துவிடும். ஒரே ஒரு டிரையோடு (மூன்று மின்முனை உள்ள டியூப்), கிளாஸ் ஏ, தூய்மை என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் கிடைப்பது சேனலுக்கு 8 வாட் அளவுதான். 2ஏ3 என்ற டியூப் என்றால் மூன்றரை. தவிர, சிங்கிள் எண்டடில் டி.சி. கரண்ட் முழுவதும் ஒரே திசையில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஓடுகிறது. கோர் அதில் நிரம்பிவிடாமல் இருக்க இடைவெளி விட்டு, இரும்பையும் பெரிதாக்க வேண்டும். புஷ்-புல்லில் இரண்டு டியூபின் டி.சி.யும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் அதே எடை இரும்பில் பேஸ் நன்றாக இறங்கும். கையில் காசு குறைவு என்றால் இந்தக் கணக்கு ஒன்றே போதும். மலிவான 300பி ஆம்ப் என்றால் மலிவான இரும்பு என்றே அர்த்தம்.

என் சிபாரிசு கவர்ச்சியில்லாதது. இ.எல்.84 புஷ்-புல், சேனலுக்கு 10 முதல் 15 வாட், செல்ஃப் பயஸ் (டியூப் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டை ஆம்பே சரிசெய்துகொள்ளும் முறை). இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1954-இல் இங்கிலாந்தின் மல்லார்ட் கம்பெனி, வீட்டில் சாலிடரிங் அயர்ன் வைத்திருப்பவர்களும் செய்துகொள்ளட்டும் என்று '5-10' என்ற சர்க்யூட்டை வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட், கடைசியில் நிற்பது இரண்டு இ.எல்.84. அந்தக் காலத்து ஐரோப்பிய வரவேற்பறைகளில் பாட்டுக் கேட்ட பாதிப் பேர் ஏதோ ஒரு விதத்தில் இந்த டியூப் வழியாகத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். நம் ஊர் வால்வு ரேடியோக்களிலும் இது இருந்தது; பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, பவர் டியூப்களில் விலை குறைந்த வகைகளில் இதுவும் ஒன்று. அதிகம் பவர் வேண்டுமானால் இ.எல்.34 புஷ்-புல். 1959-இல் வந்த டைனகோ எஸ்.டி.-70 அதை வைத்துத்தான் சேனலுக்கு 35 வாட் கொடுத்தது, அதுவும் கிட்டாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் விலையில். ஆனால் இ.எல்.34-க்குப் போனால் டிரான்ஸ்ஃபார்மர், டியூப், வெப்பம் மூன்றும் ஏறும்.

செல்ஃப் பயஸ் ஏன் என்றால், டியூப் மாற்றும்போது மீட்டரை வைத்து அளந்து திருகாணியைத் திருப்பும் வேலை இல்லை. புது டியூபைச் செருகினால் போதும். ஃபிக்ஸட் பயஸில் கொஞ்சம் கூடுதல் பவர் கிடைக்கும், சரி, ஆனால் முதல் ஆம்புக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஸ்பீக்கர். ஆம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் ஸ்பீக்கர் தேடுவது, டியூப் விஷயத்தில் தலைகீழ். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 86, 87 டெசிபல் இருக்கும். அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். பவரை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 4 வாட் சிங்கிள் எண்டட் ஆம்பில் 87 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால் உச்சமே 93. நீங்கள் உட்காருவதோ மூன்று மீட்டர் தள்ளி. தனி வீணைக்கோ இரவில் மெதுவாக வைக்கும் பழைய பாட்டுக்கோ அது போதும். தவில் தனி ஆவர்த்தனம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் சராசரிச் சத்தத்தைவிடப் பத்து, பதினைந்து டெசிபல் மேலே குதிக்கும். பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு பவர். அங்கே ஆம்ப் மூச்சு வாங்கும். அதே ஆம்பில் 95 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால் கதையே மாறிவிடும். ஸ்பீக்கரில் கூடும் 8 டெசிபலை ஆம்பில் ஈடுகட்ட ஆறு மடங்குக்கு மேல் பவர் வேண்டும்.

இன்னொன்று, டியூப் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்குக் காட்டும் தடை, அதிகம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எங்கே ஏறுகிறதோ அங்கே சத்தமும் சற்று ஏறும், இறங்கும் இடத்தில் இறங்கும். டோன் கன்ட்ரோலை யாரோ லேசாகத் திருப்பிவிட்டது போலத்தான். எல்லோரும் சொல்லும் அந்த 'இதமான' ஒலிக்குப் பாதிக் காரணம் இதுதான், மீதி டியூப் சேர்த்துவிடும் இரண்டாம் ஹார்மோனிக் (அசல் ஒலியின் இரட்டை அதிர்வெண்) என்பது என் எண்ணம். 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க டிசைனர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகையின் ஆசிரியர்களிடம் சவால் விட்டார். அவர்கள் கொடுக்கும் விலை உயர்ந்த ஆம்பின் ஒலியைத் தன்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவருவதாகச் சொன்னார். அவர்கள் கொடுத்தது டியூப் ஆம்ப். இரண்டின் அவுட்புட்டையும் கழித்துப் பார்த்து, வித்தியாசம் மறையும்வரை உட்கார்ந்து திருத்தினார். கடைசியில் ஆசிரியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனவே டியூபில் மந்திரம் எதுவும் இல்லை. பிடித்திருக்கிறது, அதனால் வாங்குகிறோம். அதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் "டிரான்சிஸ்டரில் இசையே இல்லை" என்று மேடை போட்டுப் பேசுபவர்களிடம் பர்ஸைக் காட்டாதீர்கள்.

ஆகவே கையில் மொத்தம் 60,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குவேன். 90 டெசிபலுக்கு மேல், 8 ஓம், எங்கேயும் 4 ஓமுக்குக் கீழே போகாதது. மீதியில்தான் ஆம்ப். மீதி போதவில்லை என்றால் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பில் ஓட்டிக்கொண்டு காசு சேர்ப்பேன். பாதிக் காசில் பாதி டியூப் என்று ஒரு சமரசத்தில் மட்டும் இறங்க மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கரண்ட் விஷயத்தைக் கவனியுங்கள். பல ஆம்ப்கள் 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டவை. நம்மூரில் கணக்குக்கு 230, இரவில் 245 வரை ஏறும் தெருக்கள் உண்டு. 220-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 245 போனால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறுவது டியூபின் ஆயுளைத் தின்னும். வாங்கும் முன் 230 அல்லது 240 வோல்ட்டுக்கான டேப் (டிரான்ஸ்ஃபார்மரில் இணைப்பு முனை) இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடை அதிகம் என்பதால் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து விலையை எங்கேயோ கொண்டுபோகும், அதையும் முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

உள்ளூரில் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள், அது நல்ல வழிதான். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் யார் சுற்றியது? ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றுவது வேறு, 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும்படி சுற்றுவது வேறு. அளந்து பார்த்த ஃப்ரீக்வென்சி கிராஃப் காட்டினால் தாராளமாக வாங்குங்கள். "காதால கேட்டுப் பாருங்க சார், தெரியும்" என்றால் கேளுங்கள், ஆனால் உங்கள் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மேலே கம்பிக் கூண்டு உள்ளதாகப் பாருங்கள், கண்ணாடி கையைச் சுட்டுவிடும். அடித்தட்டைக் கழற்றுவது தெரிந்தவர்கள் வேலை. உள்ளே 300, 400 வோல்ட் டி.சி. இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்பை ஆன் செய்து பாட்டைப் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரிலேயே வோல்ட்டேஜ் எகிறிச் சுற்று எரிந்துபோகலாம். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இது ஒரு சின்ன ஹீட்டர் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

டியூப் அடிக்கடி போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். பவர் டியூபுக்கு 2,000, 3,000 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. தினமும் மூன்று மணி நேரம் கேட்டாலும் இரண்டு மூன்று வருடம் ஓடும். சிக்னலை முதலில் வாங்கும் 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன டியூப்கள் அதைவிடப் பல மடங்கு தாங்கும். இன்று டியூப் பெரும்பாலும் வருவது ஸ்லோவாகியாவின் ஜேஜே கம்பெனி, ரஷ்யாவின் சராத்தோவ் நகரத் தொழிற்சாலை, அப்புறம் சீனா. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்ட நேரத்தில் கடைகளில் சரக்கு காலியாகி விலை எகிறியது நினைவிருக்கலாம். அதனால் ஆம்ப் வாங்கும்போதே மேட்ச் செய்த (ஒரே மாதிரி அளவு காட்டும் ஜோடியாகப் பொறுக்கிய) இ.எல்.84 ஒரு செட் கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். 1960-களின் ஜெர்மன் டியூப், ஹாலந்து டியூப் என்று பத்து மடங்கு விலைக்கு விற்பவர்கள் வருவார்கள். அந்தக் காசுக்கு ஸ்பீக்கருக்கு நல்ல ஸ்டாண்டு வாங்கலாம். பேஸில் வரும் மாற்றம் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியும்.