முதல்ல அந்த தண்ணிக் குழாய சரி பண்ணுவோம்

எங்க கேம்பஸ்ல சுற்றுச்சூழல் நாள் வந்தா உறுதிமொழி, பேனர், மரக்கன்னு நடுறதுனு ரெண்டு நாள் நல்லா நடக்கும். நானும் மூணு வருஷமா போய் நிக்கிறேன், நட்ட கன்னு ஒண்ணுக்கு இன்னும் தண்ணி ஊத்திட்டுதான் இருக்கேன், அதனால அத குறை சொல்ல வரல. எங்க டிபார்ட்மென்ட் ரெண்டாவது மாடியில ஒரு வாட்டர் கூலர் இருக்கு, அத பத்தி பேசணும்.

அந்த குழாய்க்கும் கீழ இருக்க தட்டுக்கும் நடுவுல ஒரு ஜாண் உயரம் கூட கிடையாது. ஒரு லிட்டர் பாட்டில் நேரா நிக்காது, சாய்ச்சு புடிச்சா பாதிதான் ரொம்பும், மீதி கைமேல வழியும், அதுக்குள்ள பின்னாடி அஞ்சு பேர் வந்துருவாங்க. ஃபில்டர்ல சிவப்பு லைட் எரிஞ்சுட்டே இருக்கு, கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு எங்கயும் எழுதல. இத பாத்துட்டு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு காலி பாட்டில பைக்குள்ள வெச்சுட்டு கீழ போய் புது தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துச்சு. அந்த பொண்ணுக்கு விழிப்புணர்வு இல்லன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன், வீட்ல இருந்து பாட்டில் தூக்கிட்டு வந்த பொண்ணு அது.

சரி, பாட்டில் தண்ணி விக்கிறதையே தடை பண்ணிட்டா? அமெரிக்காவுல வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில அதத்தான் பண்ணுச்சு, நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க, பாட்டில் ரொப்ப வசதியா குழாய்களையும் மாத்துனாங்க. ஆனா 2015ல வந்த ஆய்வுல பாத்தா கேம்பஸுக்குள்ள வர்ற பாட்டில் எண்ணிக்கை தலைக்கு குறையல, கூடியிருந்துச்சு. கடை ஃபிரிட்ஜ்ல தண்ணி பாட்டில் இல்லன்னதும் பக்கத்துல இருந்த சர்க்கரை பானத்துக்கு கை போயிருக்கு. அரை லிட்டர் கோலாவுல 50 கிராமுக்கு மேல சர்க்கரை, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. பிளாஸ்டிக்கும் குறையல, உடம்புக்கும் நல்லது நடக்கல!

அதனாலதான் நம்ம கேம்பஸ்ல கிரீன் கிளப்பும் ஹெல்த் சென்டரும் தனித்தனியா மீட்டிங் போடுறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ரெண்டு பேரும் பேசுறது ஒரே குழாய பத்தி, ஒரே ஃபிரிட்ஜ பத்தி. 2015ல கனடாவுல ஒகனகன் சாசனம்னு ஒண்ணு போட்டாங்க, மனுஷங்க நலத்தையும் பூமியோட நலத்தையும் சேத்தே பல்கலைக்கழகங்க பாக்கணும்னு அதுல இருக்கு. அத படிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது எங்க மாடிப்படிதான். லிஃப்ட் முன்னாடி பளிச்னு வெளிச்சம், படிக்கட்டுல டியூப்லைட் ஃபியூஸ் ஆகி எத்தன மாசமோ, சாயங்காலம் ஆனா இருட்டு, அதுல தனியா ஏறி வான்னு ஒரு பொண்ணுகிட்ட எப்படி சொல்ல முடியும்? ரெண்டு லைட் போட்டா பாதி பேர் நடந்தே ஏறுவாங்கன்னு நான் நம்புறேன், வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசையணும்னு சொல்றாங்களே, அதுல கொஞ்சமாவது இந்த படியிலயே வந்துரும், லிஃப்ட் கரன்ட்டும் மிச்சம்.

மெஸ்ஸும் இப்படித்தான். பெரிய டிரேய எடுத்துட்டு தட்டு மட்டும் குடுத்த கேம்பஸ்கள்ல சாப்பாடு வீணாகுறது குறைஞ்சிருக்கு, ஏன்னா ஒரே தடவையில அள்ளி அடுக்க முடியாது, பசிச்சா திரும்ப போய் வாங்கிக்கலாம். யாருக்கும் யாரும் அட்வைஸ் பண்ணல பாருங்க.

மெயின்டனன்ஸ்க்கு ரெண்டு லெட்டர் குடுத்தேன், பதில் இல்ல. ஒருத்தன் லெட்டரா போனா அப்படித்தான் போல. நீங்க எந்த பில்டிங்ல இருந்தாலும் சரி, இந்த வாரம் அங்க இருக்க கூலர் குழாய்க்கு கீழ உங்க பாட்டில வெச்சு ஒரு போட்டோ எடுங்க, நேரா நிக்குதா இல்லையான்னு தெரியணும், ஃபில்டர் லைட்டும் அதுல தெரியணும். எனக்கு அனுப்புங்க, எந்த மாடின்னு எழுதி எல்லாத்தையும் பிரின்ட் போட்டு அடுத்த திங்கக்கிழமை ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நானே குடுக்குறேன், கூட வர்றவங்க சொல்லுங்க.