ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஃபார்மசி படிக்க வர்ற கறுப்பினப் பிள்ளைங்களுக்கு மட்டும் எதுக்குத் தனியா உதவி? நம்ம பிள்ளைங்களும் கஷ்டப்பட்டுத்தானே படிக்குது?" சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் சரியாகப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹியூஸ்டனில் ஃபார்மசிஸ்ட்டாக இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கவுண்டருக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அதில் ஒரு பெரியவர் ஆறு வருடமாக வருகிறார். பிரஷருக்கு நீர் மாத்திரை, மாதம் முப்பது. முப்பது நாளில் வர வேண்டியவர் எப்போதும் நாற்பது நாள் தாண்டித்தான் வருவார். "ஒழுங்கா போடுறீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "யெஸ் மேம்" என்பார். நானும் கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

எங்கள் கடையில் டெக்னீஷியனாக ஒரு பெண் சேர்ந்தாள். ஹியூஸ்டனில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் சன்னிசைடில் பாட்டி வளர்த்த பிள்ளை. நீலத் தட்டில் மாத்திரையை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிக்கொண்டே, அவரிடம் வேறு மாதிரிக் கேட்டாள்: "சர்ச்சுக்குப் போற நாள்ல என்ன பண்ணுவீங்க?" பெரியவர் சிரித்துவிட்டார். ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம், புதன்கிழமை பைபிள் வகுப்பு. நடுவில் எழுந்து எழுந்து பாத்ரூம் போக முடியாது என்று அந்த இரண்டு நாளும் மாத்திரையை விட்டுவிடுகிறார். முப்பது மாத்திரை நாற்பத்திரண்டு நாள் வருகிறது, கணக்கு சரியாக இருந்தது. "எங்க பாட்டியும் இப்படித்தான் செய்வாங்க" என்றாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் போட்டுக்கொள்ளலாமா, புதன்கிழமை காலையிலேயே போடலாமா என்று என்னிடம் கேட்டாள். தாராளமாக என்றேன். அடுத்த முறை பெரியவர் சொன்ன நாளில் வந்தார்.

ஆறு வருடம் நான் கேட்காத கேள்வி அது. எனக்குப் படிப்பு குறைவு என்பதில்லை. அந்த வீடு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த நாட்டில் பதின்மூன்று சதவீதம் பேர் கறுப்பினத்தவர். 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஃபார்மசிஸ்டுகளில் அவர்கள் சுமார் 5 சதவீதம். லத்தீனோ மக்களின் நிலையும் இதேதான். நம்மைப் போன்ற ஆசியர்களோ நம் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகவே இருக்கிறோம். "நம்ம பிள்ளைங்க" என்று நண்பர் சொன்னதற்கு முதல் பதில் இது.

அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அறுநூறு கறுப்பின ஆண்களை வைத்து அரசு நடத்திய சிஃபிலிஸ் ஆய்வு ஒரு மருந்துக் கதைதான். 1947 வாக்கில் பென்சிலின் அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்புறமும் அவர்களில் நோய் இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் வெள்ளைக் கோட் போட்டவரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

எங்கள் ஊரிலேயே டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பின இளைஞர் ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க வழக்குப் போட்டார். அவரை உள்ளே விடாமலிருக்க, கறுப்பினத்தவருக்கென்று தனியாக 1947இல் மாநில அரசு அமைத்த பல்கலைக்கழகம் இது. அப்படித் தொடங்கிய இடம் இன்றும் ஃபார்மசிஸ்டுகளை உருவாக்கி அனுப்புகிறது. பேர்லாண்டிலிருந்து 288 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகும் நம்மவர்கள் தினமும் அதன் பக்கமாகத்தான் போகிறோம். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இடம் கிடைப்பது இப்போது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. விண்ணப்பங்கள் குறைந்து பல கல்லூரிகளில் இடம் காலியாகக் கிடக்கிறது. பிகேட் நுழைவுத் தேர்வையும் 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். சேர்ந்தவர்கள் முடிப்பதுதான் பாடு. கடைசி வருடத்தில் ஆஸ்பத்திரியிலும் மருந்துக் கடையிலும் 1,440 மணி நேரம் ரொட்டேஷன் என்கிற பயிற்சி, முப்பத்தாறு வாரம், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். அதற்கும் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். வாடகையை யார் கொடுப்பது? கடன் வாங்கிப் படிப்பவர்கள் வெளியே வரும்போது ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் கடனோடு வருவது சாதாரணம். பிறகு லைசென்ஸுக்கான நேப்ளெக்ஸ் தேர்வு, மருந்துச் சட்டத் தேர்வு, அதற்கான கட்டணம், புத்தகம், படிக்க இரண்டு மாதம். அப்பா அம்மா கையில் பணம் இருக்கும் பிள்ளை உட்கார்ந்து படிக்கும். இல்லாத பிள்ளை இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதப் போகும்.

என் கதையையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் அம்மா தீப்பெட்டி ஒட்டினார். மதுரையில் பி.ஃபார்ம் சேர்ந்தது இடஒதுக்கீட்டில். வீட்டில் முதல் பட்டதாரி. 2003க்கு முன்பே முடித்ததால் நான்கு வருடப் படிப்பே இங்கே செல்லுபடியானது. பின்னால் வந்தவர்களிடம் ஐந்து வருடப் படிப்பு கேட்டார்கள். வெளிநாட்டில் ஃபார்மசி படித்தவர்கள் எழுத வேண்டிய எஃப்பிஜிஇஇ தேர்வுக்கு ஒரு அக்கா தன் புத்தகங்களைக் கொடுத்து, ஐந்து மாதம் ஹாலில் படுக்க இடமும் கொடுத்தார். இன்டர்ன் வேலைக்கு அவர் தெரிந்தவரிடம் சொன்னார். நம்மில் பலருக்கு இப்படி ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தார்கள். சன்னிசைடில் இருக்கும் பிள்ளைக்கு அந்த அக்கா எங்கே? இடஒதுக்கீட்டில் ஏறி வந்த நான், இங்கே வந்து "தகுதி" பேசினால் என் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது.

2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்றது. டெக்சஸில் 2024 ஜனவரி 1 முதல் அரசு பல்கலைக்கழகங்களில் எல்லாப் பின்னணி மாணவர்களுக்கும் இடமளிக்க வைத்திருந்த பன்முகத்தன்மை (டி.இ.ஐ.) அலுவலகங்களே இருக்கக் கூடாது. ஆனால் அனுபவமுள்ள ஒருவர் மாணவி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அந்த டெக்னீஷியன் பெண் இப்போது இரண்டாம் வருடம் ஃபார்ம்.டி. (இங்கே ஃபார்மசிஸ்ட் ஆவதற்கான பட்டம்) படிக்கிறாள். வகுப்புக்கு ஏற்றபடி அவள் ஷிஃப்டை மாற்றித் தரச்சொல்லி மேலிடத்தில் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் என் வீட்டு டைனிங் டேபிளில் டோஸ் கணக்குப் போடுகிறோம். அவளோடு வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். கிட்னி, இதயம் நான் பார்த்துக்கொள்வேன். புற்றுநோய்க்கான கீமோ மருந்துகளில் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. மெடிக்கல் சென்டரில் ஆன்காலஜி (புற்றுநோய்) ஃபார்மசிஸ்ட்டாக இருப்பவர்கள் யாராவது மாதம் ஒரு சனிக்கிழமை வர முடியுமா? ரொட்டேஷன் மாணவர்களுக்குப் பயிற்சி தரும் பிரிசெப்டராகப் பதிவு செய்ய விருப்பம் உள்ளவர்களும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்கு இட்லி இருக்கும்.