என் தாத்தா குடும்பத்தை மறக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் படத்திறப்புக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் அங்கே பேசியதன் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். மூன்று நாளாகச் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை.

"குடும்பத்தை மறந்து நாட்டுக்காக வாழ்ந்த மாவீரர்." மேடையில் தாத்தாவைப் பற்றிப் பேசிய ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை இப்படிச் சொன்னார். நான்கு முறையும் கை தட்டினார்கள். முன்வரிசையில் தாத்தாவின் இரண்டு மகன்களும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மகள் என் அம்மா. முதல் முறை சொன்னபோதே முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் மறக்கவில்லை. எண்பத்தேழு வயதில், போன மாதம் கண் மூடும்வரை, ஒரு நாள்கூட மறக்கவில்லை.

1957இல் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி. இருபத்தோரு வருட சர்வீஸ், ஹவில்தாராக ஓய்வு. வேலூர்ப் பக்கம் இது புதிதில்லை, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை லீவு கிடைத்தால் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் வந்து இறங்குவார். மற்ற மாதமெல்லாம் அவர் எங்கள் வீட்டில் இருந்தது மணியார்டர் கூப்பனில்தான். அந்தத் துண்டுத் தாளில் நாலு வரிக்குத்தான் இடம். "பெரியவனுக்குச் செருப்பு வாங்கு. புண்ணாக்குக் கடை பாக்கியை முதலில் கொடு. ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டினாயா?" பாட்டியை நாங்கள் ஆயா என்போம். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, தபால்காரர்தான் படித்துச் சொல்வார். ஆனாலும் ஒன்றைக்கூட எறியாமல் மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்தாள். குடும்பத்தை மறந்தவர் எழுதுகிற எழுத்தா இது?

நல்ல எண்ணத்தில்தானே சொன்னார், புகழ்ந்ததற்கா கோபம் என்கிறார்கள். புகழட்டும். நடக்காததைச் சொல்லிப் புகழ வேண்டாம். மேடை என்றால் அப்படித்தான், விடுப்பா என்று மாமாவே சொல்கிறார். மாமா மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் விட முடியாது.

ஒரு தம்பி மட்டும் நியாயமான கேள்வி கேட்டிருந்தார்: மனசைக் கல்லாக்கிக்கொள்ளாமல் போர்முனையில் நிற்க முடியுமா அண்ணா? இதை நான் தாத்தாவிடமே கேட்டிருக்கிறேன். 1971 டிசம்பரில் நடந்த போரில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் டாங்கிகளுக்கு வழி திறக்கக் கண்ணிவெடி அகற்றிய சாப்பர்களில் அவரும் ஒருவர். தரையில் குப்புறப் படுத்துக் கம்பியால் மண்ணைத் தொட்டுத் தொட்டு முன்னேற வேண்டும். சாய்வாகத்தான் குத்த வேண்டும். நேராக இறக்கினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். அப்போது வீட்டு ஞாபகம் வராதா தாத்தா என்றேன். "வீட்டுக்குப் போகணும்னு இருக்கறவன்தான்டா மெதுவா குத்துவான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கை வேலை செய்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் ஏழாவது படிக்கும்போது, கொல்லையில் களை பிடுங்கிய ஆயாவின் ஒற்றைத் தோடு மண்ணில் விழுந்துவிட்டது. எல்லோரும் தேடினோம். பொழுது சாய்ந்ததும் போனது போகட்டும் என்று ஆயாவே சொல்லிவிட்டாள். மறுநாள் விடிவதற்குள் தாத்தா கொல்லை முழுக்க நூல் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்தார். அந்த வயதில் குப்புறப் படுத்து, ஒரு சைக்கிள் கம்பியைச் சாய்த்துப் பிடித்து, விரற்கடை விரற்கடையாகக் குத்திக்கொண்டே போனார். யாரையும் நூலுக்கு உள்ளே விடவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார். இரண்டாவது நாள் பதினோரு மணிக்கு முருங்கை மரத்தடியில் கம்பி நின்றது. தோட்டை வேட்டியில் துடைத்து, ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்து, அவரே காதில் போட்டுத் திருகாணியைத் திருகினார். ஆயாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. எங்களையெல்லாம் உள்ளே போகச் சொல்லி விரட்டினாள்.

அந்த ஆயாவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒரு வார்த்தை இல்லை. பக்கவாதத்தில் ஆறு வருடம் அவள் படுக்கையில் கிடந்தபோது தலை வாரிப் பின்னிவிட்டது யார்? கஞ்சியை ஆற்றி ஊட்டியது யார்? மருமகள்கள் இருந்தும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது யார்? இதெல்லாம் வீரத்தில் சேராதா?

அந்தப் பெரியவர் அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். கடைசி வரிசையில் நின்ற பையன்களைப் பார்த்து, நீங்களும் இவரைப் போலக் குடும்பத்தை மறந்து பட்டாளத்துக்குப் போங்கள் என்றார். விடியற்காலை ஐந்து மணிக்கு மெயின் ரோட்டில் ஓடுகிற பையன்கள் அவர்கள். தங்கை கல்யாணத்துக்கும் ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டவும்தான் ஓடுகிறார்கள். 2022இல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்த பிறகு நான்கு வருட வேலை. நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் நிரந்தரம் கிடையாது. வெளியே அனுப்பப்படுகிறவர்களுக்குப் பென்ஷனும் இல்லை. தாத்தாவின் பென்ஷனில்தான் என் அம்மா டீச்சர் டிரெயினிங் படித்தாள், நான் படித்தேன். குடும்பத்தை மறக்கச் சொல்கிறவர் முதலில் அந்தப் பையன்களின் வீட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். துக்க வீட்டில் அரசியல் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். மேடைக்கு அதைக் கொண்டுவந்தது நான் இல்லை.

ஞாயிறு ராத்திரி எல்லோரும் போன பிறகு அம்மா அந்த மஞ்சள் பையை அவிழ்த்தாள். 1971 டிசம்பருக்குக் கூப்பன் இல்லை. அந்த மாதம்தான் இங்கே அம்மா பிறந்தாள். ஊரிலிருந்து கொடுத்த தந்தி எப்படியோ அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜனவரியில் இரண்டு மாதப் பணமும் சேர்ந்து வந்த கூப்பனில், மங்கிப்போன நீல மையில் ஒரே வரி: "நான் சௌக்கியம், வருகிறேன், அதுவரை பிள்ளைக்குப் பேர் வைக்காதே."

அவர் வந்தது மார்ச்சில். அதுவரை அம்மாவை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்களாம்.