டிசம்பரில் நான் புதிய பாட்டு வெளியிடுவதில்லை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் நண்பர்கள் தவறாமல் இரண்டு யோசனைகள் சொல்வார்கள். "விடுமுறைக் காலம் வருகிறது, ஒரு பண்டிகைப் பாட்டு போட்டுவிடு, வருடா வருடம் பென்ஷன் மாதிரி பணம் வந்துகொண்டே இருக்கும்" என்பது ஒன்று. "எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள், கைவசம் இருக்கும் புதுப் பாட்டை இப்போதே வெளியிட்டுவிடு" என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதாம். ஆனால் எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல், தானே எழுதி, தானே பாடிப் பதிவு செய்து, தானே விநியோகமும் பார்த்துக்கொள்ளும் ஒருவனுக்கு இவை பொருந்தா என்பதுதான் 12 ஆண்டுகள் இதில் உழன்ற பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. டிசம்பரில் நான் கூலிக்கு வாசிப்பவன். அதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

பென்ஷன் கதையை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பாடகி பிரெண்டா லீ தமது 13ஆம் வயதில், 1958இல், பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது 2023 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 78. மரியா கேரி 1994இல் வெளியிட்ட பாட்டு அதே இடத்துக்கு வர 25 ஆண்டுகள் ஆயின. இந்தச் செய்திகளை நண்பர்கள் எனக்கு ஊக்கமருந்தாக அனுப்பிவைக்கிறார்கள். எனக்கோ அவை எச்சரிக்கையாகத்தான் படுகின்றன. மற்ற மாதங்களில் ஒரு புதிய பாட்டு அந்த மாதத்தில் வெளியான மற்ற பாட்டுகளோடு மோதுகிறது. டிசம்பரில் அது இதுவரை உலகில் பதிவான அத்தனை பண்டிகைப் பாட்டுகளோடும் மோதியாக வேண்டும். பண்டிகை நாளில் கேட்பவருக்குத் தேவைப்படுவது புதுமை அன்று. தாம் சிறுபிள்ளையாக இருந்தபோது அடுத்த அறையில் ஒலித்த அதே குரலைத்தான் அவர் தேடுகிறார். அந்த இடத்தில் என் குரல் நுழைவதற்கு வழியே இல்லை என்பதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் பாடகன் என்பதை மறந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நானும் அந்தப் பழைய குரல்களைத்தான் கேட்கிறேன்.

அப்படியே ஒருவர் துணிந்து எழுதுவதென்றாலும் நவம்பரில் எழுத உட்காருவது காலம் கடந்த காரியம். அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியின் புகழ்பெற்ற வெண்பனிப் பாட்டு ('வைட் கிறிஸ்துமஸ்') 1942 மே மாதத்தில் பதிவானது. கணப்பில் வாட்டும் கொட்டைகளைப் பற்றிய வரியோடு தொடங்கும் 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டை மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் எழுதியது 1945 ஜூலையின் கொடும் வெயிலில். புழுக்கம் தாளாமல், குளிர்ச்சியான சொற்களையாவது எழுதிப் பார்ப்போம் என்று வெல்ஸ் காகிதத்தில் கிறுக்கி வைத்த வரிகளிலிருந்துதான் அது பிறந்தது. கோடையில் விதைத்தவர்களுக்கே குளிர்காலத்தில் அறுவடை. (கிராஸ்பியின் மூலப் பதிவு, பிரதி எடுத்து எடுத்தே தேய்ந்துபோனதால், 1947இல் அவர் அதே பாட்டை மறுபடியும் பாட வேண்டியிருந்தது. என் மூலப் பதிவுகளுக்கு இதுவரை அப்படி ஓர் ஆபத்து நேரவில்லை.)

ஒருமுறை மட்டும் நானும் ஆசைப்பட்டேன். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூர் தேவாலயத்தில், யோசப் மோர் என்ற பாதிரியாரும் ஃபிரான்ஸ் சேவர் குரூபர் என்ற பள்ளி ஆசிரியரும் ஒரே ஒரு கிதாரைத் துணையாக வைத்துக்கொண்டு முதன்முறையாகப் பாடிய 'சைலண்ட் நைட்' என்ற அமைதி இரவுப் பாட்டு, எவருடைய காப்புரிமையிலும் இல்லாத பொதுச் சொத்து. இரண்டு குரல், ஒரு கிதார் என்ற அந்த அமைப்பே சுயாதீனக் கலைஞர்களுக்கென்று செய்ததுபோல் இருந்ததால், வீட்டிலேயே ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்து ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினேன். மறுநாளே அது வேறொரு நிறுவனத்தின் ஒலிப்பதிவு என்று தானியங்கி முறையில் உரிமை கோரப்பட்டு, விளம்பர வருமானம் நிறுத்தி வைக்கப்பட்டது. பாட்டு பொது, விரல் என்னுடையது, குரலும் என்னுடையது என்று விளக்கி ஆட்சேபம் அனுப்பினேன். பதிலளிக்க எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசமாம். ஜனவரி நடுவில் உரிமைகோரல் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டபோது அந்தப் பாட்டைத் தேடி வருவதற்கு உலகத்தில் ஓர் ஆள் இல்லை.

சரி, பண்டிகைப் பாட்டு வேண்டாம், வழக்கமான பாட்டையே டிசம்பரில் வெளியிடலாமே என்றால், அங்கே நிலைமை இன்னும் மோசம். ஸ்பாட்டிஃபை என்ற இசைத் தளத்தில் பாட்டுத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பிளேலிஸ்ட் ஆசிரியர்களின் பார்வைக்குப் பாட்டை அனுப்புவதென்றால் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாக அனுப்பிவிடச் சொல்கிறார்கள். ஆனால் டிசம்பரின் பின்பாதியில் அந்த ஆசிரியர்களும் மனிதர்கள்தாம், விடுப்பில் போய்விடுவார்கள். நம் பாட்டைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் இணைய விநியோக நிறுவனங்களும் இதைக் கருதி வழக்கத்தைவிட முன்னதாகவே கடைசித் தேதியை அறிவித்துவிடும். கைக்காசைப் போட்டு விளம்பரம் செய்யலாம் என்றால், இணைய விளம்பரம் ஏலத்தில் விற்கும் சரக்கு. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் உலகத்துப் பெரிய வணிகர்கள் எல்லாரும் அந்த ஏலத்தில் நிற்கிறார்கள். செருப்பும் கைப்பேசியும் விற்பவரோடு போட்டி போட்டு என்னுடைய மூன்று நிமிடப் பாட்டுக்கு நான் விலை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இதே விளம்பரம் ஜனவரியில் சல்லிசாகக் கிடைக்கும்.

இதற்கிடையில்தான் ஆண்டறிக்கை அட்டைகளின் திருவிழா வருகிறது. 2016 முதல் ஸ்பாட்டிஃபை நடத்தும் அந்த ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பு, கலைஞர்களுக்கும் தனியாக வண்ண அட்டைகளைத் தயாரித்துக் கொடுக்கிறது: இத்தனை பேர் கேட்டார்கள், இத்தனை மணி நேரம் கேட்டார்கள், இத்தனை நாடுகளில் கேட்டார்கள். கணக்கு டிசம்பருக்கு முன்பே மூடப்பட்டுவிடுவதால், டிசம்பரில் பிறக்கும் பாட்டின் முதல் மாதம் எந்த ஆண்டின் அட்டையிலும் ஏறாது. அது ஒரு புறம் இருக்கட்டும். 2024 தொடக்கத்திலிருந்து அதே தளத்தில், கடந்த 12 மாதங்களில் 1,000 முறை ஒலிக்காத பாட்டுக்கு ராயல்டி என்னும் உரிமைத்தொகைக் கணக்கே கிடையாது. அதாவது, என் பாட்டுகளில் சிலவற்றுக்கு ஒரு காசும் கொடுக்காத நிறுவனம், அந்தப் பாட்டுகளும் சேர்ந்த மொத்தத்தைப் பளபளக்கும் அட்டையாக்கி, அதை என் பக்கத்தில் ஒட்டித் தனக்கு விளம்பரம் செய்யச் சொல்கிறது. நண்பர்கள் பலர் அதைப் பகிர்கிறார்கள், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பாட்டு யாரோ ஒருவர் காதில் விழுந்தது என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் மூன்று ஆண்டுகளாக நான் அந்த அட்டையைத் திறந்தும் பார்ப்பதில்லை. யாருக்காவது என் இசையைப் பரிசாகக் கொடுக்க ஆசை இருந்தால், பேண்ட்கேம்ப் போல நேரடியாக விற்கும் இடத்தில் ஒரு தொகுப்பை வாங்கச் சொல்கிறேன். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு பொதுவாக 15 விழுக்காடு. 2020 மார்ச்சில் தொடங்கிய அவர்களின் சிறப்பு வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஆக, டிசம்பரில் என்னதான் செய்கிறேன் என்று கேட்டால், பிறருடைய பாட்டுகளைப் பிறருடைய விருந்துகளில் வாசிக்கிறேன். நிறுவனங்களின் ஆண்டு இறுதிக் கொண்டாட்டங்கள், விடுதிக் கூடங்கள், 31ஆம் தேதி இரவு. இதைச் சில இசை நண்பர்கள் "விலைபோவது" என்கிறார்கள். மற்ற பதினோரு மாதங்கள் நான் எழுதுவது யாருடைய அங்கீகாரத்துக்கும் காத்திருக்காமல் இருப்பதற்கான செலவை இந்த ஒரு மாதம்தான் கொடுக்கிறது. தவிர, இது எளிய வேலையும் இல்லை. வெளியே புழுக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து கிதாரை எடுத்துக்கொண்டு ஏசி போட்ட கூடத்துக்குள் நுழைந்ததும் எஃகுத் தந்திகள் குளிரில் சுருங்கிச் சுருதி மேலே ஏறும். டிரம்பெட் குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்வதால் அதன் சுருதி கீழே இறங்கும். கீபோர்டு மட்டும் எனக்கென்ன என்று இருந்த இடத்திலேயே இருக்கும். மூவருக்கும் இடையே சமாதானம் பேசி முடிப்பதற்குள், "சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பேச முடியவில்லை" என்று முதல் ஆள் வந்து நிற்பார். நாங்கள் அப்போது இன்னும் ஒரு பாட்டும் தொடங்கியிருக்க மாட்டோம்.

என்னைக் கோபப்படுத்துவது கூலி வேலை அன்று, கூலி இல்லாத வேலைக்கு வரும் அழைப்புகள். "பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள், நாலு பேருக்கு உங்களைத் தெரியும்" என்ற வாக்கியம் டிசம்பரில் எனக்கு வாரம் ஒருமுறையாவது வருகிறது. மேடை போட்டவருக்கும் விளக்குக் கட்டியவருக்கும் பூ அலங்காரம் செய்தவருக்கும் பணம் போகிறது. அவர்களிடம் போய் நாலு பேருக்குத் தெரியும் என்று எவரும் சொல்வதில்லை. இசைக்காரனுக்கு மட்டும் வாசிப்பதே சந்தோஷம், சந்தோஷத்துக்கு எதற்குக் காசு என்று எண்ணிவிடுகிறார்கள். எனக்கு வாசிப்பது சந்தோஷம்தான். 31ஆம் தேதி இரவு ஒன்றரை மணிக்கு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்குவது சந்தோஷம் இல்லை.

போன ஆண்டு அந்த இரவில் ஒன்று நடந்தது. 12 மணிக்குப் பத்து நொடி இருக்கும்போது கூட்டம் எண்ணத் தொடங்கும். பத்திலிருந்து பூஜ்யம் வரை டிரம்மர் இரண்டு குச்சிகளாலும் ஸ்னேர் என்ற சிறு முரசின் மீது விடாமல் உருட்ட வேண்டும், ஒரு நொடி நின்றாலும் கூடமே சப்பென்று ஆகிவிடும். எங்கள் டிரம்மர் தம் கைப்பேசியைச் சத்தத்தை அணைத்து ஸ்னேருக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்திருந்தார். எட்டு என்று கூட்டம் கத்தும்போது அதில் வெளிச்சம் வந்தது. அவருடைய ஐந்து வயது மகள் வீடியோவில் அழைத்திருந்தாள். அவர் உருட்டிக்கொண்டே அதைப் பார்த்தார். பூஜ்யத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு பாட்டில் நேராக நுழைந்தாக வேண்டும், அது முடிய நான்கு நிமிடம், அதன் பிறகு இன்னொன்று. பன்னிரண்டே காலுக்கு அவர் திருப்பி அழைத்தபோது பிள்ளை தூங்கிவிட்டிருந்தாள்.

இந்த ஆண்டும் அதே கூடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒப்பந்தத் தாளில் பாதி முன்பணம், ஒரு மணிக்கு மேல் வாசித்தால் மணிக்கணக்கில் கூடுதல் தொகை என்ற வழக்கமான வரிகளுக்குக் கீழே, 12 மணிக்கு வாழ்த்து முடிந்ததும் ஐந்து நிமிட இடைவேளை, அந்த நேரத்தில் பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என்ன பாட்டு ஒலிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். டிரம்மரையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.